உபதேசத்தை மறைத்துச் சேர்த்துக்கொண்ட சபை மேல் வழக்குப் போட முடியுமா?

வாசகி ஒருவரின் கேள்வி, 6 ஏப்ரல் 2025

ஒன்பது வருஷம் ஒரு சபையில் இருந்தேன். சேரும்போது "மற்ற சபைகளுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை" என்றார்கள். ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருஷம் போன பிறகுதான் அவர்களுடைய நிஜமான உபதேசம் என்னவென்று தெரிந்தது. ஸ்தாபகரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வரலாற்றில் பாதி அப்படி நடக்கவில்லை என்று அவர்களே பின்னால் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. ஒன்பது வருஷமும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்திருக்கிறேன். ஒரு கம்பெனி இப்படிச் சொல்லி விற்றிருந்தால் நேராக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். சபை என்றால் மட்டும் ஏன் முடியாது? இப்படி யாராவது வழக்குப் போட்டு ஜெயித்திருக்கிறார்களா?

6 ஏப்ரல், இரவு

போடலாம். ஜெயிப்பதும் தோற்பதும் நீங்கள் எதைப் பொய் என்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. நானும் ஒரு சபையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். நான்கு வருஷமாக இந்தத் தீர்ப்புகளைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் 1944-க்குத்தான் போவார்கள். உச்ச நீதிமன்றத்தின் பல்லார்ட் தீர்ப்பு. 'ஐ ஆம்' என்று ஓர் இயக்கம். கய் பல்லார்ட், மனைவி எட்னா, மகன் டொனால்ட் மூவரும் நடத்தியது. விண்ணேறிய குரு என்று அவர்கள் நம்பிய செயின்ட் ஜெர்மெய்ன் எங்கள் மூலமாகப் பேசுகிறார், தீராத வியாதியையும் தீர்ப்போம் என்று தபாலில் புத்தகங்கள் அனுப்பிப் பணம் வாங்கினார்கள். கய் 1939-இல் இறந்துபோனார். மனைவி மேலும் மகன் மேலும் தபால் மோசடி வழக்கு நடந்தது. அவர்கள் நம்புவது உண்மையா என்று ஜூரி (தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கிற குழு) விசாரிக்கவே கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தன்னால் நிரூபிக்க முடியாததையும் ஒரு மனிதன் நம்பலாம், நிரூபித்துக் காட்டு என்று அவனைக் கூண்டில் நிறுத்த முடியாது என்பது அதன் சாரம். அதை அவர்கள் மனதார நம்பினார்களா என்பது மட்டும் ஜூரி முன் போகலாம். இப்படித்தான் அந்தக் குடும்பம் தப்பித்தது.

ஆகவே "உங்கள் உபதேசம் பொய்" என்று போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

7 ஏப்ரல், காலை

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். ஜெயித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு மோல்கோ வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், 1988.

சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்த இளைஞர். வக்கீல் தேர்வு எழுத சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். 1979 ஜனவரியில் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். இரண்டு பேர் வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். சமூக அக்கறை உள்ளவர்கள் பலர் சேர்ந்து வாழ்கிறோம், இரவுச் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்கிறார்கள். இவர் கேட்கிறார்: உங்களுக்கு ஏதாவது மதத் தொடர்பு உண்டா? இல்லை என்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை, அங்கே நாளெல்லாம் சொற்பொழிவு. பல நாள் கழித்துத்தான் இது கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய யூனிஃபிகேஷன் சர்ச் என்று தெரியவருகிறது. அதற்குள் மனம் அங்கே ஊன்றிவிட்டது. பிறகு ஆறாயிரம் டாலர் காணிக்கையும் கொடுத்தார்.

இந்த மோசடி வழக்கை நடத்தலாம் என்றது கோர்ட். "உங்கள் போதனை சரியா தப்பா என்று நாங்கள் பார்க்கவில்லை. யார் என்று கேட்டவரிடம் யார் என்பதை மறைத்தீர்கள், அதைத்தான் பார்க்கிறோம்" என்று பிரித்தார்கள். பஸ் நிறுத்தத்தில் சொன்ன அந்த ஒரு "இல்லை" விசுவாசம் அல்ல, சாதாரணப் பொய். எந்த மதத்துக்கும் அதற்குச் சலுகை கிடையாது.

சட்டம் படித்தவர், கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டவர், அவரே போய்ச் சேர்ந்தார். ஏமாந்துவிட்டேனே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

9 ஏப்ரல்

சகோதரி, (இந்தச் சொல் இன்னும் தானாகவே வந்துவிடுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்) உங்கள் நிலைமைக்கு ரொம்ப நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. அது தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்மன் சபை என்று எல்லாரும் சொல்கிற பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை. முன்னாள் உறுப்பினரான ஒரு பெண் 2019-இல் யூட்டாவின் ஃபெடரல் கோர்ட்டில் மோசடி வழக்குப் போட்டார். சபையின் ஸ்தாபகர் ஜோசஃப் ஸ்மித் தங்கத் தகடுகளை மேசையில் வைத்துக்கொண்டு, அவர்கள் வேதமாக நம்புகிற மார்மன் புத்தகத்தை மொழிபெயர்ப்பது போன்ற படங்களைக் காட்டித்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அவர் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு வாசகங்களைச் சொன்னார் என்று அந்தக் காலத்து சாட்சிகள் சொன்னது பதிவில் இருக்கிறது. 2013-இலிருந்து சபையே வெளியிட்ட கட்டுரைகளிலும் அது வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த ஒரு வரலாற்றை எங்களிடம் வேறு மாதிரி விற்றார்கள் என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு.

2020 மார்ச்சில் நீதிபதி தள்ளுபடி செய்தார். தொப்பி, கல், தகடு எல்லாம் கேட்பதற்கு வரலாற்றுத் தகவல் மாதிரி இருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகம் தேவனிடமிருந்து வந்ததா என்ற கேள்வியைத் தொடாமல் அவற்றைத் தொட முடியாது, அந்த அளவுக்குப் பின்னிக்கிடக்கிறது என்றார். திருத்தி மறுபடி போட்டதும் 2021-இல் அதே கதிதான்.

முதல் தடவை படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. மேசையா தொப்பியா என்பதில் விசுவாசம் எங்கே வந்தது? இப்போது மூன்றாவது தடவை படிக்கிறேன். நீதிபதியின் சங்கடமும் புரிகிறது. இன்று தொப்பியை விசாரித்தால் நாளைக்கு இன்னொருவர் வந்து செங்கடல் பிளந்ததா என்று கேட்பார். அதற்கு எந்த ஜூரி பதில் சொல்லும்?

9 ஏப்ரல், நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மூப்பர் எனக்கு எட்டு மாசம் பாடம் எடுத்தார். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தேன். பாடத்தின் சுருக்கம் பேனாவில், என் சந்தேகங்கள் பக்க ஓரத்தில் பென்சிலில். ஏதாவது கடினமாகக் கேட்டால், "அது பின்னால் வரும் தம்பி. இப்போது பால், பிறகுதான் பலமான ஆகாரம்" என்பார். வசனத்தில் இருக்கிற வார்த்தைதான். குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி அத்தனை பாசமாகச் சொல்வார்.

அந்தப் பலமான ஆகாரம் என்னவென்று தெரிந்தபோது எனக்கு ஞானஸ்நானம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வெளியே இருக்கிற அத்தனை பேரும் அழிக்கப்படுவார்கள், அதில் என் அம்மாவும் அடக்கம். முதல் மாசமே இதைச் சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை. பாடப் புத்தகத்தின் வரிசையே அப்படிப் போட்டது.

எந்தப் பக்கத்திலும் பொய் இல்லை. வரிசைதான் ஏமாற்றியது. இதை எந்தக் கோர்ட்டிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

10 ஏப்ரல்

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் பல்லார்ட் குடும்பம் மத சுதந்திரத்தால் தப்பித்தது என்று எழுதிவிட்டேன். தப்பு. 1944-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விட்டுவிடவில்லை, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. அது சுற்றி மறுபடி மேலே வந்து, 1946-இல்தான் முடிந்தது. அதற்குக் காரணமும் வேறு: அந்த ஜூரியைத் தேர்ந்தெடுத்தபோது பெண்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டார்கள். அது செல்லாது என்று குற்றப்பத்திரிகையையே தள்ளிவிட்டார்கள். மதத்தைப் பற்றிய அந்தப் பெரிய வாசகம் நிலைத்தது. எட்னாவைக் காப்பாற்றியது ஜூரிப் பட்டியலில் இல்லாத பெண்கள்.

12 ஏப்ரல்

"உபதேசத்தை விடுங்கள், பணத்தையாவது கேட்கலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான், நானும் நின்றிருக்கிறேன்.

ஹன்ட்ஸ்மன் வழக்கைப் பாருங்கள். பெரிய வியாபாரக் குடும்பம். பல ஆண்டுகள் மார்மன் சபைக்குத் தசமபாகம் கொடுத்தவர், வெளியே வந்த பிறகு 2021-இல் ஐம்பது லட்சம் டாலரைத் திருப்பிக் கேட்டார். சால்ட் லேக் சிட்டியில் சபை ஒரு பெரிய வணிக வளாகம் கட்டியது. 2003-இல் சபையின் தலைவர் கார்டன் ஹிங்க்லி மேடையில் நின்று, இதற்குத் தசமபாகப் பணம் போகாது என்று சொல்லியிருந்தார். 2019-இல் சபையின் முதலீட்டு நிறுவனமான என்சைன் பீக்கில் வேலை பார்த்த ஒருவர், அங்கிருந்துதான் பணம் போனது என்று வெளியே சொன்னார். அந்த நிதியின் மூலதனமே தசமபாகத்தில் மிச்சம் பிடித்தது.

கேட்டால் பட்டப்பகல் மோசடி மாதிரி இருக்கிறதா? முதல் கோர்ட் தள்ளியது. 2023-இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் ஜூரி விசாரிக்கட்டும் என்றார்கள். அன்றைக்கு நான் நண்பர்கள் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பிறகு பதினோரு நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து, இந்த வருஷம் ஜனவரி 31 அன்று ஒருமனதாகச் சபை பக்கம் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

காரணம் அந்த 2003 பேச்சிலேயே இருந்தது. தசமபாகம் போகாது என்று சொன்ன கையோடு, சபைக்குச் சொந்தமான வியாபாரங்களிலிருந்தும், முதலீடு செய்த சேமிப்பு நிதியின் வருமானத்திலிருந்தும் செலவு செய்வோம் என்றும் ஹிங்க்லி சொல்லியிருந்தார். தசமபாகம் வேறு, அதைப் போட்டு வைத்ததில் வந்த வருமானம் வேறு என்று அவரே பிரித்துச் சொன்ன பிறகு பொய் எங்கே என்று கேட்டது கோர்ட். சபையில் உட்கார்ந்து கேட்டவர்கள் முதல் பாதியைத்தான் மனதில் வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது பாதிதான் சபையைக் காப்பாற்றியது.

இதே என்சைன் பீக் விவகாரத்தில் 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் மொத்தம் ஐம்பது லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. பங்குகளின் அளவு வெளியே தெரியாமல் இருக்க வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் கணக்குத் தாக்கல் செய்ததற்காக. அரசாங்கத்திடம் மறைத்தால் அபராதம். கொடுத்தவருக்கு அதில் ஒரு காசு வரவில்லை.

13 ஏப்ரல்

இங்கிலாந்தில் மார்மன் தலைவரையே கோர்ட்டுக்கு அழைத்தார்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 2014-இல். சபையின் முன்னாள் பொறுப்பாளர் ஒருவர் 2006-ஆம் வருஷத்து மோசடிச் சட்டத்தின் கீழ் தனிப்பட்ட முறையில் புகார் கொடுத்தார். அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும் என்று சம்மனும் போய்விட்டது. புகாரில் ஏழு வாசகங்கள். ஆபிரகாமின் புத்தகம் எகிப்தியச் சுருளிலிருந்து மொழிபெயர்த்தது, ஆறாயிரம் வருஷத்துக்கு முன் பூமியில் சாவே கிடையாது, இந்த மாதிரி. இவை பொய் என்று தெரிந்தே சொல்லித் தசமபாகம் வாங்கினார்கள் என்பது புகார்.

மார்ச் 20 அன்று மூத்த மாவட்ட நீதிபதி சம்மனையே ரத்து செய்தார். கோர்ட்டை ஒரு மதத்தின் உபதேசத்தைத் தாக்குகிற மேடையாக்கப் பார்க்கிறார்கள், இது நீதிமன்ற முறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று கடுமையாகவே எழுதினார்.

அமெரிக்காவில் இருக்கிற மாதிரி மத சுதந்திரத்தைக் காக்கிற முதல் சட்டத்திருத்தம் இங்கிலாந்தில் கிடையாது. இருந்தும் அதே சுவரில்தான் முட்டியது.

13 ஏப்ரல், மாலை

எல்லா நாட்டிலும் அதே சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிரான்ஸில் சயன்டாலஜி என்ற மத இயக்கத்தின் இரண்டு அமைப்புகளுக்கு 2009-இல் கூட்டு மோசடிக்காக ஆறு லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள். 2013-இல் அங்கே உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மெட்ரோ நிலையத்துக்கு வெளியே இலவச ஆளுமைப் பரிசோதனை என்று அழைக்கப்பட்ட ஒரு பெண், போகப் போக இருபதாயிரம் யூரோவுக்கு மேல் இழந்த வழக்கு. இலவசம் என்று அழைத்த அந்தப் பரிசோதனையை வைத்தே மோசடியைப் பிடித்தார்கள். தெய்வம் உண்டா இல்லையா என்ற பேச்சே எழவில்லை.

17 ஏப்ரல்

நான்கு நாளாக எழுதவில்லை. பல்லார்ட் தீர்ப்பில் நீதிபதி ஜாக்சன் எழுதிய மாறுபட்ட கருத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெரும்பான்மை நீதிபதிகள், உண்மையா என்று கேட்காதே, மனதார நம்பினார்களா என்று மட்டும் கேள் என்றார்கள். ஜாக்சன் அதையும் ஏற்கவில்லை. ஒரு விஷயம் நம்பத் தகுந்ததா என்று பார்க்காமல், இவன் நம்பினானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்கிறார். பொய்த் தீர்க்கதரிசியால் வருகிற கேடு பணத்தில் இல்லை, மனதிலும் ஆவியிலும்தான் என்றும் எழுதுகிறார். ஆனால் அந்தக் கேட்டைத் தண்டிக்கிற அதிகாரம் அரசாங்கத்துக்குக் கிடையாது, மத சுதந்திரம் வேண்டுமென்றால் இந்தக் குப்பையையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிக்கிறார்.

படித்துவிட்டு என் மூப்பரை நினைத்துக்கொண்டேன். அவர் மனதார நம்பினாரா? நம்பினார். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இரவு பத்து மணிக்கு எனக்காக முழங்கால் படியிட்டு ஜெபித்தவர். அவருடைய சொந்த மகள் வெளியே போனபோது அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டவர். நம்பாதவன் அதைச் செய்ய மாட்டான். அவரை எப்படி மோசடிக்காரர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்?

இன்னொன்று. இதை இத்தனை நாள் இங்கே சொல்லாமல் வைத்திருந்தேன். நானும் நான்கு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதே புத்தகம், அதே வரிசை. கடினமான கேள்வி வந்தால் "அது பின்னால் வரும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது பால், பிறகு பலமான ஆகாரம். அந்த நான்கு பேரில் ஒருவன் என் தம்பி.

என் மூப்பர் மேல் நான் வழக்குப் போடலாம் என்றால், என் மேல் தம்பி போடலாம். ஆனால் அவன் போட மாட்டான். அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், நான் வெளியே வந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

18 ஏப்ரல்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஆறுதல் சொல்லியிருந்தீர்கள். நன்றி. ஆனால் "நீங்களும் ஏமாற்றப்பட்டவர்தானே" என்பது பாதிதான் சரி. கடைசி ஒரு வருஷம் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தோடும் பாடம் எடுத்தேன். ஜூரி முன் என்னை நிறுத்தி, மனதார நம்பினாயா என்று கேட்டால், அந்தக் கடைசி வருஷத்துக்கு நான் ஆமாம் சொல்ல முடியாது.

24 ஏப்ரல்

நீல நோட்டைத் தேடி எடுத்தேன். பழைய துணிகளுக்கு அடியில் இருந்தது, ஓரமெல்லாம் பழுப்பு. பதினேழாம் பாடம். பக்க ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: "பிறகு வேண்டாம் என்று போனால் வீட்டார் பேசுவார்களா?" அதற்குக் கீழே பேனாவில் அவர் சொன்ன பதில்: "குடும்ப உறவு மாறாது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை."

இது உபதேசம் இல்லை. உங்கள் சபை விலகியவரை எப்படி நடத்தும் என்று கேட்டேன், ஒரு பதில் வந்தது. பஸ் நிறுத்தத்தில் மோல்கோ கேட்ட மாதிரி. இரண்டு நாள் எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இதுதான் என் வழக்கு என்று தோன்றியது.

பிறகு தீர்ப்புகளைப் படித்தேன். விலகியவரோடு பேசாமல் இருப்பதற்காக அமெரிக்காவில் 1987-இல் ஒரு பெண், யெகோவாவின் சாட்சிகள் என்ற சபை மேல் போட்ட வழக்கு தோற்றது. பேசாமல் ஒதுக்குவதும் அவர்களுடைய மதப் பழக்கம், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது மேல்முறையீட்டு கோர்ட். கனடாவில் 2018-இல் சபைநீக்கம் செய்யப்பட்ட ஒரு வீட்டுமனைத் தரகர், தன் வாடிக்கையாளர்களே போய்விட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். சபை யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதில் நாங்கள் தலையிட முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்த இரண்டும் ஒதுக்கியதை எதிர்த்த வழக்குகள். ஒதுக்க மாட்டோம் என்று முன்னால் சொல்லிச் சேர்த்ததை எதிர்த்தவை அல்ல. அந்த இடைவெளியில் ஒரு வழக்கு நிற்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உங்களிடமும் இப்படி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேட்ட கேள்வி, சொன்ன பதில், தேதி. "வித்தியாசம் இல்லை என்றார்கள்" என்பது போதாது. எந்த வித்தியாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள், யார், என்ன வார்த்தையில் பதில் சொன்னார்?

25 ஏப்ரல்

நேற்று முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். சேரும்போதோ ஏதாவது வகுப்புக்கோ என்ன படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள். ஃபுளோரிடாவில் ஒரு தம்பதி 2013-இல் சயன்டாலஜி மேல் போட்ட மோசடி வழக்கு, அவர்கள் கையெழுத்திட்ட படிவத்தால் கோர்ட்டை விட்டே போய்விட்டது. தகராறு வந்தால் சபையின் நடுவர்களிடம்தான் போவேன் என்று அதில் இருந்தது. நடுவர்கள் மூவரும் சபையில் நல்ல நிலையில் உள்ள உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. பல லட்சம் டாலர் கேட்டவர்களுக்குச் சுமார் 18,000 டாலர் கிடைத்தது. 2021-இல் மேல்முறையீட்டிலும் மாறவில்லை.

2022 ஜனவரியில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு கோர்ட் வேறு வழக்கில் வேறு மாதிரி சொன்னது: மதத்தை விட்டுப் போகிற உரிமையும் மத சுதந்திரம்தான், போன பிறகு நடந்த தீங்குக்கு அந்தப் பழைய கையெழுத்து விலகியவரைக் கட்டாது. போன பிறகு நடந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யூனிஃபிகேஷன் சர்ச்சுக்குப் பத்துக் கோடி யென்னுக்கு மேல் கொடுத்த மூதாட்டி ஒருவர். 2015-இல், எண்பத்தாறு வயதில், பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கி அதை வீடியோவும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆறு மாசத்தில் அவருக்கு மறதி நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கீழ்க் கோர்ட்டுகள் அந்தக் கையெழுத்தைச் செல்லும் என்றன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வீடியோவை நான் அடிக்கடி மனதில் பார்ப்பேன். ஒரு பாட்டியின் முன் கேமராவை வைக்கிறவனுக்கு, அவர் மனதாரக் கொடுத்தார் என்பதில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

2 மே

நீங்கள் தேதி பற்றிக் கேட்டதற்கு. மோசடி வழக்குக்குக் கலிஃபோர்னியாவில் மூன்று வருஷம், அதுவும் மோசடி தெரியவந்த நாளிலிருந்து. இங்கிலாந்தில் ஆறு வருஷம், மறைத்திருந்தால் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது கவனமாக இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து. எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமோ அந்த ஊர் வக்கீலிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள். "இரண்டு வருஷம் போன பிறகுதான் தெரிந்தது" என்று உங்கள் முதல் கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் பிடிப்பார். தெரிந்த பிறகும் ஏழு வருஷம் ஏன் இருந்தீர்கள் என்பார். ஏன் இருந்தோம் என்று நமக்குத் தெரியும். கல்யாணம், நண்பர்கள், குழந்தைகளின் சிநேகிதர்கள் எல்லாம் உள்ளே. ஆனால் சட்டக் கடிகாரம் அதற்காக நிற்காது.

என் நோட்டுக்கும் அதே கதிதான். ஒதுக்குவார்கள் என்று நான் தெரிந்துகொண்டது இன்னொரு சகோதரரை ஒதுக்கியபோது. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. என் வழக்கு முடிந்துபோன வழக்கு. வக்கீலிடம் போய்க் கேட்டேன், அவரும் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

காலம் இருந்தாலும் எத்தனை காலம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சயன்டாலஜி மேல் வோலர்ஷைம் என்பவர் 1980-இல் மன உளைச்சல் வழக்குப் போட்டார். 1986-இல் ஜூரி மூன்று கோடி டாலர் என்றது. 1989-இல் அது இருபத்தைந்து லட்சமாகக் குறைந்தது. 2002-இல்தான், வட்டியும் சேர்ந்து எண்பத்தாறு லட்சம் டாலருக்கு மேல், பணம் கைக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷம். சபையில் இருந்ததைவிட அதிக காலம் சபையோடு கோர்ட்டில் இருக்க எல்லாருக்கும் தெம்பு இருக்காது.

3 மே

தம்பிக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு தபால் எழுதினேன்: "பாடம் எடுத்தபோது நீ என்னிடம் இதே கேள்வியைக் கேட்டாய். குடும்ப உறவு மாறாது என்று நான் சொன்னேன். அது தப்பு. அதை உன்னிடம் சொன்னவன் நான்." அவ்வளவுதான் எழுதினேன். பதில் வரவில்லை.

11 மே

உங்கள் விலகல் கடித வரைவைப் படித்தேன். கடிதம் எதற்கு, போகாமல் இருந்தாலே போதாதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும். ஓக்லஹோமாவில் ஒரு பெண் சபையை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மூப்பர்கள் அவருடைய சொந்த வாழ்க்கையைச் சபை முன்னால் வாசித்தார்கள், பக்கத்துச் சபைகளுக்கும் சொல்லிவிட்டார்கள். 1989-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தை வைத்தே கோடு கிழித்தது. விலகுவதற்கு முன் மூப்பர்கள் செய்தது சபைக் காரியம், கோர்ட் தலையிடாது. விலகிய பின் செய்ததற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் மூன்றாவது பத்தியை முழுசாக எடுத்துவிடுங்கள். ஸ்தாபகர் பற்றியது, வசன விளக்கம், உங்கள் மனவருத்தம் எதுவும் அதில் வேண்டாம். உபதேசத்தை வாதாடினால் பதிலுக்கு மூப்பர்கள் வீட்டுக்கு வருவார்கள். இன்ன தேதியிலிருந்து நான் உறுப்பினர் இல்லை, என் சம்மதம் இல்லாமல் என்னைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம், என் பெயரில் உள்ள காணிக்கைக் கணக்கின் நகல் வேண்டும். இந்த மூன்று வரி போதும். தேதியை எண்ணிலும் எழுத்திலும் போடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் போட்டு வையுங்கள். கணக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள். எந்த வருஷம் எதற்கென்று வாங்கினார்கள் என்று வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.